எல்லையோர ஊரிலிருந்து வெளிநாட்டு அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கு: பிஎச்டிக்கு நாமே விண்ணப்பிக்க முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் யாராவது வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்றால் முதலில் வருகிற கேள்வி, "எத்தன லட்சம் கட்டோணும் கண்ணு?" என்பதுதான். "கட்ட வேண்டியதில்லீங்க பெரியப்பா, அவிங்களே மாசாமாசம் குடுப்பாங்க" என்று பதில் சொன்னால், பையன் யாரோ ஏஜென்டிடம் ஏமாந்துவிட்டான் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் வெளிநாடு என்றால் ஒன்று கல்ஃப் வேலை, இல்லாவிட்டால் தோப்பை அடமானம் வைத்து லண்டனிலோ கனடாவிலோ எம்எஸ். அறிவியல், பொறியியலில் பிஎச்டி என்பது பெரும்பாலும் சம்பளமோ உதவித்தொகையோ வாங்கிக்கொண்டு செய்கிற வேலை என்பதை எடுத்துச் சொல்ல ஊரில் ஆள் குறைவு.

கோவையில் இருக்கும் கன்சல்டன்சிகளும் இதைச் சொல்ல மாட்டார்கள். கட்டணம் கட்டிச் சேர்கிற எம்எஸ் மாணவரை அனுப்பினால்தான் பல்கலையிடமிருந்து அவர்களுக்குக் கமிஷன் வரும், சம்பளத்தோடு சேர்கிற பிஎச்டி மாணவரால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் இது முழுக்க முழுக்க நாமே உட்கார்ந்து செய்ய வேண்டிய காரியம். சித்தூர் அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி முடித்தவர்கள், கோவையில் எம்எஸ்சியோ பிஇயோ படிப்பவர்கள், கஞ்சிக்கோடு ஐஐடியில் எம்டெக் செய்பவர்கள் எல்லோரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆந்திராப் பக்கத்துச் சித்தூர், நகரி, குப்பத்துத் தமிழர்களும் இதையே பின்பற்றலாம், ஆபீஸ்களின் பெயர்தான் மாறும்.

படி 1: பணம் எந்த வழியில் வருகிறது என்று பாருங்கள்

நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பணம் வரும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று வழிகள்.

முதல் வழி, சேர்ந்த எல்லோருக்கும் பல்கலையே உதவித்தொகை தருவது. சவுதியில் ஜெட்டாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், செங்கடல் ஓரம் துவல் என்ற ஊரில் 2009ல் திறந்த கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இப்படித்தான். கவுஸ்ட் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். இளநிலைப் பட்டமே கிடையாது, எம்எஸ்ஸும் பிஎச்டியும் மட்டும். இடம் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதத்தொகை, வீடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. பாடம் ஆங்கிலத்தில், ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில். "சவுதியா? பொண்ணப் போய் அங்க அனுப்பறதா?" என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஜப்பானில் இருக்கும் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் (ஓயிஸ்ட்) இன்னொன்று. 2012ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே துறை என்ற பிரிவே இல்லை, இயற்பியல்காரரும் நரம்பியல்காரரும் ஒரே நடைபாதையில் இருப்பார்கள். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் யென் கிடைக்கும்.

இரண்டாவது, வேலைக்கு ஆள் எடுப்பதுபோல எடுப்பது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து எல்லாம் இந்த ரகம். ட்ரொண்ட்ஹைமில் இருக்கும் நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதாவது என்டிஎன்யுவில், பிஎச்டி என்பது ஒரு பதவி. 3 ஆண்டு, பாடம் நடத்தும் கடமையும் சேர்ந்தால் 4 ஆண்டு. சம்பளச் சீட்டு வரும், வரி பிடிப்பார்கள், ஓய்வூதியக் கணக்குகூட உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் எம்எஸ்சி மாணவர்களுக்கு 2023 இலையுதிர் காலத்திலிருந்து நார்வே கட்டணம் போட்டுவிட்டது, பிஎச்டிக்கு அது இல்லை. ஜெர்மனியிலும் வேலை ஒப்பந்தம்தான், ஆனால் துறையைப் பொறுத்து முழுச் சம்பளம், முக்கால், பாதி என்று பிரித்துக் கொடுப்பார்கள். விளம்பரத்தில் 'இ13' என்ற சம்பளத் தரத்துக்குப் பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் சந்தோஷப்பட வேண்டாம்.

மூன்றாவது அமெரிக்கா, ஹாங்காங், தென் கொரியா மாதிரி. பேராசிரியரின் புராஜெக்டிலிருந்தோ, வகுப்பில் உதவியாளராக வேலை பார்ப்பதற்கோ பணம் வரும். ஹாங்காங்கில் இதற்கு மேல் ஹாங்காங் பிஎச்டி ஃபெலோஷிப் என்று ஒன்று இருக்கிறது, வழக்கமான உதவித்தொகையை விடக் கணிசமாக அதிகம். அதற்கு இரண்டு இடத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் அங்குள்ள ஆராய்ச்சி மானியக் குழுவின் தளத்தில் பதிந்து ஒரு எண் வாங்கி, அந்த எண்ணைப் போட்டுப் பல்கலையில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் டிசம்பர் 1ஐ ஒட்டி வரும்.

இந்த மூன்றிலும் சேராமல், "இடம் உண்டு, பணம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கடிதம் வந்தால் மரியாதையாக வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து இப்படி வருவதுண்டு. சொந்தப் பணத்தில் பிஎச்டி செய்யும் அளவுக்குத் தென்னந்தோப்பு யாரிடமும் இல்லை.

வெளி உதவித்தொகைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமில்லாத விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. ஆண்டுக்கு 125 இடம். வயது 35க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் தாலூகாவிலும் மூணாறு எஸ்டேட்டுகளிலும் இதற்குத் தகுதியான வீடுகள் ஏராளம், கேள்விப்பட்டவர்கள்தான் இல்லை. இன்னொன்று 1892ல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகை. உழவூரிலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போன கே.ஆர். நாராயணனுக்குக் கைகொடுத்தது டாடா உதவித்தொகைதான்.

படி 2: உங்கள் பட்டம் எங்கே செல்லும்

இது சுருக்கமான விஷயம், ஆனால் இதில் கோட்டைவிட்டால் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே போய்விடும். மூன்று வருட பிஎஸ்சி மட்டும் இருந்தால் ஐரோப்பிய வேலை ரகப் பிஎச்டி கிடைக்காது, முதுநிலை வேண்டும். நான்கு வருட பிஇ, பிடெக் இருந்தால் அமெரிக்காவுக்கு நேரடியாகப் பிஎச்டிக்கே போடலாம். ஓயிஸ்ட், வியன்னா பக்கத்தில் இருக்கும் ஆஸ்திரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் (ஐஸ்டா) இரண்டும் இளநிலைப் பட்டதாரிகளையும் எடுக்கும். அதோடு முதல் வருடம் சில ஆய்வகங்களில் சில மாதங்கள் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஒரு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓயிஸ்டில் மூன்று ஆய்வகம், அதில் ஒன்றாவது உங்கள் துறைக்கு வெளியே இருக்க வேண்டும். இந்தத் துறைதான் வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் பல நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்டிக்கு ஆள் எடுக்கும் மேரி கியூரி நெட்வொர்க் பதவிகளைப் பார்த்தால் ஒரு விதியைக் கவனியுங்கள். எந்த நாட்டில் வேலையோ அந்த நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. கொழிஞ்சாம்பாறையை விட்டு நகராத நமக்கு இது பெரிய வசதி.

படி 3: ஊரைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அடுத்த நான்கைந்து வருடம் உங்கள் தூக்கம், சம்பளம், விசா, பட்டம் எல்லாமே ஒரு மனிதரின் கையில் இருக்கப் போகிறது. பல்கலையின் உலகத் தரவரிசை எண்ணில் அதில் கால்வாசிகூடத் தெரியாது.

எப்படித் தேடுவது? உங்கள் எம்எஸ்சி புராஜெக்டில் நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையைத் திறந்து, அதைப் பிறகு மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பாருங்கள். கடந்த மூன்று வருடத்தில் வந்தவை மட்டும் போதும். ஆசிரியர் பட்டியலில் பெரும்பாலும் கடைசிப் பெயர்தான் குழுத் தலைவர், முதல் பெயர் அந்த வேலையைச் செய்த மாணவர். இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் அடியில் நன்றி சொல்லும் இடத்தில் எந்த மானியத்தில் இந்த வேலை நடந்தது என்று இருக்கும். புதிய மானியம் என்றால் அவர் ஆள் எடுக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் குழுவின் இணையதளத்துக்குப் போய், பழைய மாணவர்கள் பகுதியைத் திறவுங்கள். பிஎச்டி முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? வந்தவர்கள் பெயர் பத்து இருந்து, பட்டம் வாங்கியவர்கள் பெயர் மூன்றுதான் இருக்கிறதென்றால் மீதி ஏழு பேருக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்க வேண்டும். முதல் ஆசிரியராக மாணவர்கள் பெயர் வருகிறதா, இல்லை எல்லாக் கட்டுரையிலும் ஒரே போஸ்ட்டாக்கின் (பிஎச்டி முடித்துவிட்டு அங்கே வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர்) பெயர்தானா என்றும் பாருங்கள்.

கடைசியாக, இப்போது அங்கே இருக்கும் ஒரு மாணவரிடம் பேசுங்கள். முதலில் குறித்துக்கொண்ட முதல் ஆசிரியர்கள் இதற்குத்தான். எழுத்தில் கேட்டால் எல்லோரும் "நல்ல குழு" என்றுதான் சொல்வார்கள், அதனால் பத்து நிமிடம் போனில் கேளுங்கள். "ஆளு எப்படி?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. வாரத்தில் எத்தனை தடவை அவரைப் பார்ப்பீர்கள், எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருப்பித் தருவார், போன வருடம் எத்தனை நாள் ஊருக்குப் போய்வந்தீர்கள், சனி ஞாயிறு ஆய்வகத்தில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். தென் கொரியாவின் ஆய்வகங்களில் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தமிழிலேயே கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் வரும் மௌனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பேராசிரியருக்கு மின்னஞ்சல்

ஓயிஸ்ட், ஐஸ்டா போன்ற இடங்களில் முன்கூட்டி யாருக்கும் எழுத வேண்டியதில்லை, பொதுவான தேர்வுதான். கவுஸ்ட், ஹாங்காங், கொரியா, ஜெர்மனியில் எழுதினால் நல்லது. ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், ஆனால் சாரம் இப்படி இருக்கட்டும்:

"உங்கள் குழுவின் சென்ற ஆண்டுக் கட்டுரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வின் மேல் ஜிப்சம் படிவதை 25 டிகிரியில் அளந்திருக்கிறீர்கள். என் எம்எஸ்சி புராஜெக்டில் கால்சியம் சல்பேட் படிகம் உருவாகும் நேரத்தை 40 டிகிரி வரை பார்த்தேன், வெப்பம் கூடக்கூட அந்த நேரம் குறைந்தது. உங்கள் சவ்விலும் அப்படி நடக்குமா என்று பார்க்க விருப்பம். அடுத்த ஆகஸ்டில் பிஎச்டி மாணவர் எடுக்கிறீர்களா? சிவியும் என் புராஜெக்டின் ஒரு பக்கச் சுருக்கமும் இணைத்திருக்கிறேன்."

இவ்வளவுதான். அவருடைய கட்டுரையில் ஒரு இடம், நீங்கள் கையால் செய்த ஒரு வேலை, இரண்டும் தொடும் ஒரு கேள்வி. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகத்தான ஆராய்ச்சியால் பெரிதும் கவரப்பட்டேன்" என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்குத் தினமும் வருகின்றன. ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் எழுத்துரு மாறியிருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையா, சரி, அடுத்த ஆளைப் பாருங்கள்.

நார்வே, ஸ்வீடன் விளம்பரங்களுக்கு இந்த மாதிரிக் கடிதம் தேவையில்லை. அங்கே கட்டாயத் தகுதி, விரும்பத்தக்க தகுதி என்று இரண்டு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரியையும் ஒரு தாளில் எழுதி, அதற்கு எதிரே உங்களிடம் இருக்கும் சான்றை எழுதுங்கள். கட்டாயப் பட்டியலில் ஒன்று காலியாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள். விரும்பத்தக்க பட்டியலில் பாதி காலியாக இருந்தாலும் தைரியமாகப் போடுங்கள்.

படி 5: பெயர், இனிஷியல், அக்ஷயா

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்றே உள்ள தலைவலி இது, மற்ற வழிகாட்டிகள் எதிலும் இருக்காது. கேரள எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் 'கே. செந்தில் குமார்'. கோவைப் பட்டத்தில் 'செந்தில்குமார் கே'. ஆதாரில் அப்பா பெயர் விரிவாக. பள்ளியில் சேர்க்கும்போது பெயரை மலையாளத்தில் எழுதி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் கருப்புசாமி கருப்பஸ்வாமி ஆகியிருப்பார். சிலருக்கு இனிஷியல் அப்பா பெயரிலிருந்து வராமல் மலையாள வழக்கப்படி வீட்டுப் பெயரிலிருந்து வந்திருக்கும். அரசு இணையச் சேவைகளுக்கான அக்ஷயா சென்டரில் கூட்டத்துக்கு நடுவில் தட்டச்சு செய்யும் சேச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை, திரையைத் திருப்பச் சொல்லி எழுத்து எழுத்தாக நீங்களே படித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள், கூடுமானவரை எஸ்எஸ்எல்சியில் இருப்பதையே. எஸ்எஸ்எல்சியிலேயே பிழை என்றால் பள்ளித் தலைமையாசிரியர் மூலமாகத் திருவனந்தபுரம் பரீட்சா பவனுக்கு விண்ணப்பித்துத் திருத்த வேண்டும், இது மாதக் கணக்கில் இழுக்கும், அதனால் இன்றே தொடங்குங்கள். சின்ன வேறுபாடு என்றால், இந்த இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று வில்லேஜ் ஆபீசில் ஒரு சான்றிதழ் தருவார்கள், அக்ஷயா மூலமே விண்ணப்பிக்கலாம். அதன் ஆங்கிலப் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போடுங்கள், காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் இருக்கிற பெயரெல்லாம் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று வரும். அதோடு அங்கே வங்கிக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அலைவது தனிக் கதை. பாஸ்போர்ட்டில் இருப்பதே ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பதிவிலும், விண்ணப்பத்திலும், நாளைக்கு வரும் ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இருக்க வேண்டும். ஆர்கிட் எண் என்று ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாக ஒரு அடையாள எண் தருகிறார்கள், முதல் கட்டுரைக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

படி 6: சான்றிதழ்கள் இரண்டு மாநிலத்தில்

விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் பிரதி போதும். சான்றொப்பம், அப்போஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல வெளியுறவு அமைச்சகம் தரும் முத்திரை) எல்லாம் இடம் கிடைத்த பிறகு கேட்டால் மட்டும் செய்யுங்கள், முன்கூட்டியே பணத்தை இறைக்க வேண்டாம். கேட்கும்போது தெரிந்திருக்க வேண்டியது: சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்கினீர்களோ அந்த மாநிலம்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். பிளஸ் டூவும் காலிகட் பல்கலைப் பட்டமும் என்றால் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம், அதன் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு மையங்களில். பாரதியார் பல்கலை, அண்ணா பல்கலைப் பட்டம் என்றால் சென்னை. வீடு வாளையாருக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அந்தப் பக்கத்துப் பட்டத்தைக் கேரளா சரிபார்க்காது. சவுதி 2022 டிசம்பரிலிருந்து அப்போஸ்டிலை ஏற்கிறது, முன்பு போலத் தூதரகப் படியேற வேண்டியதில்லை. ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை, அங்கே படிக்கப் போகும் மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் என்று வேறொரு சரிபார்ப்பு வந்திருக்கிறது, பிஎச்டிக்கு அது வேண்டுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூதரக எல்லையும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஜெர்மன் விசாவுக்குக் கோவைக்காரர் சென்னைத் தூதரகத்தின் கீழ் வருவார், கொழிஞ்சாம்பாறைக்காரர் பெங்களூர்த் தூதரகத்தின் கீழ். கல்லூரி விடுதி முகவரியை நம்பி எதையும் முடிவு செய்யாமல், பாஸ்போர்ட் முகவரியை வைத்து முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் சுருக்கப் பட்டியலை, அதாவது டிரான்ஸ்கிரிப்டை, நான்கைந்து உறை சேர்த்து வாங்கிவையுங்கள். ஜெர்மனிக்கு மதிப்பெண் மாற்றும் கணக்கு எளிது: அதிகபட்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். 10க்கு 8 எடுத்து, தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும். அங்கே எண் குறையக் குறைய நல்லது.

படி 7: தேர்வுகள், கடிதங்கள்

ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் 2 வருடம் செல்லும், ஜிஆர்இ என்ற பொதுத் தகுதித் தேர்வு 5 வருடம். ஜிஆர்இயைப் பல இடங்களில் இப்போது கேட்பதே இல்லை, உங்கள் பட்டியலில் யாரும் கேட்காவிட்டால் எழுதாதீர்கள், பணம் மிச்சம். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் எழுத்தை விடக் காதுதான் தகராறு செய்யும். நீங்கள் சேர நினைக்கும் ஆய்வகத் தலைவரின் உரை யூடியூபில் இருந்தால் அதையே தினமும் கேளுங்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சிவி இரண்டு பக்கம். அப்பா பெயர், சாதி, மதம், போட்டோ, "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். எந்தக் கருவியை உங்கள் கையால் இயக்கினீர்கள், எந்த நிரலை நீங்களே எழுதினீர்கள் என்று எழுதுங்கள். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) மாதிரியை வேறு கல்லூரிக்கு அனுப்பி முடிவை மட்டும் வாங்கியிருந்தால் அப்படியே எழுதுங்கள், நேர்காணலில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

எஸ்ஓபியில், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கட்டுரையில், சிறுவயதில் அப்துல் கலாமைப் பார்த்து விஞ்ஞானியாக ஆசைப்பட்ட கதை வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும், அதே கதையை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். புராஜெக்டில் வராமல் போன ஒரு முடிவு, அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்தீர்கள், இது முதல் பத்தியில் இருக்கட்டும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டோ மூன்றோ கேட்பார்கள். நம் கல்லூரிகளில் சார் "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அவரிடம் கடிதத்தைக் கொடுக்காமல், நீங்கள் செய்த வேலைகளின் குறிப்பை ஒரு பக்கமாகக் கொடுத்து, "சார், இதை வச்சு உங்க வார்த்தையில எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். பல்கலையிலிருந்து இணைப்பு அவருடைய கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் வரும். பல ஆசிரியர்கள் அதைத் திறப்பதே இல்லை. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பாம் வரைக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

தேதிகளைப் பொறுத்தவரை ஓயிஸ்ட், ஹாங்காங், அமெரிக்கா, ஐஸ்டா எல்லாம் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் வந்து குவியும். ஐரோப்பிய வேலை விளம்பரங்கள் வருடம் முழுக்க வரும். மே மாதம் ஆள் தேடத் தொடங்கினால் செப்டம்பரில் மின்னஞ்சல்கள் போய், நவம்பரில் நிதானமாக விண்ணப்பிக்கலாம். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தால் கோடை ஆராய்ச்சிக்குப் போங்கள். இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஃபெலோஷிப், கவுஸ்டின் விசிட்டிங் மாணவர் திட்டம், ஓயிஸ்டின் இன்டர்ன் திட்டம் மூன்றுமே பணம் கொடுத்துக் கூட்டிப்போவார்கள்.

படி 8: நேர்காணல்

பெரும்பாலும் ஜூமில். 10 நிமிடம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசச் சொல்வார்கள், அப்புறம் கேள்வி. ஸ்லைடு எட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரைபடத்திலும் கிடை அச்சு என்ன, செங்குத்து அச்சு என்ன, பிழைக்கோடு எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். பாடப்புத்தகத்தின் அடிப்படையையும் கேட்பார்கள், பிராக் விதியை எழுதிக்காட்டு என்றால் தடுமாறக் கூடாது. தெரியாததை "தெரியவில்லை, ஆனால் இப்படி யோசிப்பேன்" என்று சொல்லி யோசித்துக் காட்டுங்கள், அதைப் பார்ப்பதற்குத்தான் கேட்கிறார்கள். தென்மேற்குப் பருவமழையில் கரண்ட் போகாத நாளில்லை என்பதால், கோவையிலோ பாலக்காட்டிலோ நண்பர் அறையில் உட்கார்ந்து பேசுவது உத்தமம்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். கேளுங்கள். பணம் எத்தனை வருடத்துக்கு உறுதி, புராஜெக்ட் நடுவில் முடிந்தால் என்ன ஆகும், குழுவில் இப்போது எத்தனை பேர்?

படி 9: கடிதம் வந்த பிறகு

அமெரிக்கப் பல்கலைகள் பலவும் ஏற்றிருக்கும் ஒப்பந்தப்படி, பண உதவியோடு வந்த அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல நேரம் உண்டு. அதற்கு முன்னால் யாராவது நெருக்கினால் அந்தத் தேதியைப் பணிவாக நினைவுபடுத்துங்கள். மற்ற நாடுகளில் ஒரு வாரம், பத்து நாள்தான் தருவார்கள்.

சம்பளம் உண்டு என்றாலும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். விசாக் கட்டணம், டிக்கெட் (சில இடங்களில் அவர்களே தருவார்கள்), வீட்டு முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை ஒன்றரை மாதச் செலவு. இதைச் சொன்னால் வீட்டில் "அப்ப ஓசின்னு சொன்னியே" என்பார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ட்ரொண்ட்ஹைமில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் நாலரை மணி நேரம்தான். குளிருடையை இங்கே வாங்காதீர்கள், கோவையில் கிடைக்கும் ஜாக்கெட் ஊட்டிக்குத்தான் தாங்கும். துவலில் அப்படியே தலைகீழ், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். வாரவிடுமுறை வெள்ளி, சனி. ஒகினாவாவில் புயல் காலத்துக்கு அரிசியும் தண்ணீரும் வாங்கி அடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 10: ஆய்வகத்துக்குள்

முதல் மூன்று மாதம் யாரும் உங்களிடம் கண்டுபிடிப்பை எதிர்பார்க்க மாட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சிகளை முடியுங்கள், எந்த அமிலம் எந்தக் கழிவுக் கேனில் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள், பழைய மாணவர் ஒருவர் செய்த சோதனையைத் திரும்பச் செய்து அதே எண் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஒளித்துவைக்காமல் குழுக் கூட்டத்தில் காட்டுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் சார் சொன்னதை மறுத்துப் பேச நாக்கு எழாது. அங்கே பேசாமல் இருப்பவரைப் புரியாதவர் என்று எடுத்துக்கொள்வார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஒரு மாதமாவது ஆகும், பரவாயில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் அந்தச் சிக்கலே இல்லை, அங்கே மரியாதை நம்மைவிட ஒரு படி அதிகம்.

நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள், அன்றைக்கே எழுதுங்கள். கணினித் தரவை மூன்று இடத்தில் வையுங்கள். கட்டுரை எழுதும் முன்பே யார் பெயர் எங்கே வரும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் "இன்று பேசியது இது, அடுத்த வாரம் நான் செய்யப்போவது இது" என்று மூன்று வரி அனுப்புங்கள். இரண்டு வருடம் கழித்து "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று வழிகாட்டி சொல்லும்போது அந்த மூன்று வரிதான் பேசும்.

எவ்வளவு பார்த்துச் சேர்ந்தாலும் சிலருக்கு வழிகாட்டியோடு ஒத்துப்போகாது. முதல் வருடத்தில் மாறுவது எளிது, மூன்றாம் வருடத்தில் கடினம். மாறுவதாக இருந்தால் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லும் முன்பு, விசாவும் சம்பளமும் பல்கலையின் பெயரில் இருக்கிறதா அல்லது அந்தப் புராஜெக்டின் பெயரில் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கவுஸ்ட், ஓயிஸ்ட் போலப் பல்கலையே பணம் தரும் இடங்களில் வேறு குழு கிடைத்தால் போதும். புராஜெக்ட் பணம் என்றால் முதலில் புதிய இடத்தை உறுதிசெய்துவிட்டுத்தான் பழைய இடத்தில் பேச வேண்டும். பல பல்கலைகளில் மாணவர் குறைகளைக் கேட்க ஒம்பட்ஸ்மன் என்று தனி ஆள் இருப்பார், பேசியது வெளியே போகாது. அவரிடம் போகும்போது அந்த மூன்று வரி மின்னஞ்சல்களின் பிரதியை எடுத்துக்கொண்டு போங்கள்.